கீரைத் தொட்டியில் ஒரு சிப்பாய்

அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில், ஏறுகிறவர்களுக்கெல்லாம் இடைஞ்சலாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைட்ஃபீல்ட் போகும் ரயில் தலைக்கு மேலே வந்து நின்று கிளம்பிப்போன சத்தம் கேட்டது. அடுத்ததைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அடுத்ததும் போனது.

வலி ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருந்தது. பிழிந்து, விட்டு, மறுபடி பிழிந்தது. ஒரு பெண் குனிந்து, "ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள். கேஸ் என்றேன். அப்போது அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர், அம்மா, ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லோரும் எனக்குச் சொன்னதும் அதுதான்.

எனக்கு இருபத்தாறு வயது. எதையும் வேகமாகச் செய்கிறவள். வேகமாகப் பேசுவேன், மூன்று வேலையை ஒன்றாக எடுப்பேன், தெரியாத விஷயம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் படித்துவிடுவேன். அந்த மாதங்களில் அந்த வேகம்தான் முதலில் போனது. மீட்டிங்கில் பேசும்போது பாதியில் ஒரு சொல் கிடைக்காது. சாதாரணச் சொல்லாகவே இருக்கும். 'நேற்று' என்பதைத் தேடி ஒருமுறை அப்படியே நின்றேன். வலது மணிக்கட்டு கனத்தது. மலச்சிக்கல் இருந்தது. வாயில் எப்போதும் சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டதுபோல ஒரு ருசி.

எதுவும் பயமாக இல்லை. அதுதான் விசித்திரம். பயப்படுகிற இடத்தில் பஞ்சு அடைத்து வைத்ததுபோல் இருந்தது.

உங்களிடமோ உங்கள் வீட்டில் ஒருவரிடமோ ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று யாராவது சொல்லி, இப்போது நீங்கள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக எழுதியது.

வயிற்று டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, மன அழுத்தம் என்றார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்பு மாத்திரை கொடுத்தார். அது மலச்சிக்கலை இன்னும் மோசமாக்கியது. ரத்தம் ஏறவில்லை என்பதால் ரத்தநோய் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற அம்மா. என் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ரோஸ்கோப்பில் அவரே பார்த்திருந்தார். பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங் (சிவப்பணுக்களுக்குள் நீலப் பொட்டுகள் தெரிவது) இருப்பதாகச் சொன்னார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"சாஃப்ட்வேர் டெஸ்டிங், மேடம்."

"ஃபாக்டரிக்குள்ளயா?"

"இல்ல. கம்ப்யூட்டர் முன்னாடி."

"பாட்டரி, பெயின்ட், இல்லன்னா பஸ்பம், சூரணம் ஏதாவது?"

"இல்ல."

"வீட்ல ஈயச் சொம்புல ரசம் வைப்பாங்களா?"

"வைப்பாங்க. அம்மா."

எழுதிக்கொண்டார். ரசச் சொம்பு நல்ல வெள்ளீயமாக இருந்தால் கவலை இல்லை, மலிவான சொம்பில் காரீயம் கலந்திருக்கும், அதுதான் விஷம் என்றார். சொம்பைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு பேனாவை வைக்காமலே, "ஆபீஸ் விட்டு வந்து என்ன பண்ணுவீங்க? சும்னே டிவியா?" என்றார்.

"செஸ் செட் பண்ணுவேன்."

"மரத்துலயா?"

"சுட்டு முடிச்ச தோட்டாக் கூடுல."

பேனாவை மூடினார்.

"சொம்பு பாவம், விட்டுடலாம். அந்தக் கூடுங்கள எப்படி சுத்தம் பண்றீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

அந்த நிமிடம் எனக்கு உற்சாகம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பல வாரம் கழித்து ஒருவர் எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்கிறார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

நான் ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் பிஸ்டல் சுடப் பழகுகிறவள். சுட்டபின் கீழே விழும் காலிப் பித்தளைக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். கிளப் அவற்றைச் சேர்த்துவைத்துப் பழைய பித்தளையாக விற்கும். நான் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து, அனுமதியும் ரசீதும் வாங்கிக்கொண்டு, ஒரு பை எடுத்து வந்தேன். சின்னக் கூடுகள் சிப்பாய். அதைவிடப் பெரியவை குதிரை, மந்திரி. ராஜாவுக்கு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். ஒரு செட் முடித்து நண்பனின் கல்யாணத்துக்குக் கொடுத்தேன். இன்னும் நாலு பேர் கேட்டார்கள்.

கூடு கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். பழைய டேபிள் ஃபேன் மோட்டாரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியில் பொருத்தி, குலுக்கும் மெஷின் ஒன்று செய்தேன். அதில் மக்காச்சோளத் தக்கையின் நொறுங்கலைக் கூடுகளோடு போட்டு ஓடவிட்டால், தக்கை கரியைத் தேய்த்து எடுத்துவிடும். மெஷின் இருந்தது யுட்டிலிட்டியில். எங்கள் ஊர் வீடுகளில் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைக்க விடுவார்களே, அந்த இடம். மோட்டார் சூடாவது தெரிய வேண்டும் என்று மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். முடிந்ததும் அம்மாவின் பழைய ரவைச் சல்லடையில் எல்லாவற்றையும் கொட்டிக் கையால் சலிப்பேன். கூடு மேலே நிற்கும். தூசி எழும்பும். காலை வெயிலில் அது பொன்னாகத் தெரியும். அதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறேன். பிறகு துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, கையை உடையில் துடைத்துக்கொண்டு, தோசை சாப்பிடப் போவேன்.

டாக்டர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"கூடு பளபளன்னு ஆயிடுச்சு. அந்தக் கரி எங்க போச்சு?" என்றார்.

"தக்கையில. தூசியில."

"தூசி?"

நான் என் கைகளைப் பார்த்தேன்.

தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்புகிற மருந்து கொஞ்சம் இருக்கும். அதில் ஈயச் சேர்மம் உண்டு. வெடித்தபின் அது கரியோடு கரியாகக் கூட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பித்தளையில் பிரச்சினை இல்லை. அதிலிருந்து துலக்கி எடுக்கிற அழுக்குதான் பிரச்சினை. ஈரமாகத் துலக்கினால் அழுக்குத் தண்ணீரில் தங்கும். காய்ந்தபடி துலக்கினால் காற்றில் ஏறும். நான் சுவாசித்தேன். விரலில் ஒட்டியதைத் தின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

பரிசோதனையில் ரத்த ஈய அளவு நாற்பதைத் தாண்டியிருந்தது; ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டியது. அது எவ்வளவு மோசம் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். யாரோ ஒருத்தியின் ரிப்போர்ட்டைக் கேட்பதுபோல் இருந்தது.

"மருந்து இல்லையா மேடம்?"

"இருக்கு. கெலேஷன் (ஈயத்தைப் பற்றிச் சிறுநீரில் இழுத்துப்போகும் மருந்து கொடுப்பது). உங்களுக்கு இப்ப வேணாம். வர்ற வழிய அடைங்க, அதுவா இறங்கும். வழிய அடைக்காம மருந்து குடுத்தா குடல் இன்னும் ஜாஸ்தி உறிஞ்சும். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அம்மாவும். அக்கா வரப்போறா."

"ஊர்லருந்தா?"

"ஹெப்பகோடிலருந்து. பிரசவத்துக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தாயின் ரத்தத்தில் ஈயம் இருந்தால் நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது, அப்படியே குழந்தைக்குப் போய்விடும் என்றார். வளரும் மூளைக்கு அதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது. எத்தனாவது மாதம் என்று கேட்டார். அடுத்த மாதம் வளைகாப்பு என்றேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டக்கலைத் துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை செடிகளைப் பற்றிய ஃபைலை மட்டும் பார்த்தவர், ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியில் நிஜச் செடிகளை வைத்துவிட்டார். முளைக்கீரை, அரைக்கீரை, புதினா, தக்காளி. சமையலறைக் கழிவை ஒரு பெரிய மண்பானையில் மக்கவைத்து உரமாக்குவார். கடைக்கீரையைச் சாக்கடைத் தண்ணீரில் வளர்க்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. சுபா அக்கா கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து, அவளுக்கு ரத்தம் ஊறக் கீரை வளர்ப்பதே அவருக்கு வேலை.

"அக்கா அங்கயே இருக்கட்டும்மா. நீ போய்க் கூட இருந்துக்கோ," என்றேன்.

"வளையல் போட்டு அனுப்புற பொண்ண வராதேன்னு சொல்ற வீடு எங்கயாவது உண்டாடி? மாப்ள வீட்ல நான் போய் உக்கார்றதா? நல்லா இருக்கு."

"ஈயம்மா."

"தொடைச்சா போவாதா?"

போகும். அதுதான் டாக்டரும் சொன்னார். ஒழுங்காகத் துடைத்து, துடைத்த இடத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அக்காவை வரவழைக்கலாம் என்றார். நான் படித்தேன். அந்த மூளையோடு படிப்பது மாவரைப்பது மாதிரி இருந்தது, ஆனாலும் படித்தேன்.

நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், முதல் விதி, பெருக்காதீர்கள். துடைப்பம் ஈயத்தைத் தரையிலிருந்து எடுத்து உங்கள் மூக்குக்குக் கொடுக்கிறது. சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் நனைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, காகிதத் துணியால் ஒரே திசையில் வழித்து, அந்தத் துணியை மறுபடி வாளியில் முக்காமல் அப்படியே பையில் போட வேண்டும். கையுறை, நல்ல வடிகட்டி வைத்த முகமூடி. வேலை செய்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும், வீட்டு உடைகளோடு சேர்க்கக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கர்ப்பிணியும் குழந்தையும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

அம்மா ஒரு தலைமை கிளார்க்கின் கண்டிப்போடு என்னை மேற்பார்வை பார்த்தார். "நனைச்சியா? நனைக்காம தொடாத," என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். சல்லடை போனது. மெஷினைக் கழற்றிப் பையில் கட்டினேன். மிதியடி, பழைய திரை எல்லாம் போயின. தரையைத் துடைத்த துணிகளை லேபுக்கு அனுப்பினேன். சுத்தம் என்று பதில் வந்தது. என் ரத்தத்திலும் அளவு இறங்கத் தொடங்கியிருந்தது. வயிற்றுவலி விட்டது. 'நேற்று' கேட்டவுடன் கிடைத்தது.

பயன்படுத்திய சோளத் தக்கை நாலு பை இருந்தது. இரட்டைப் பையாகக் கட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். அபாயக் கழிவை யார் எடுப்பார்கள் என்று போன் செய்துகொண்டிருந்தேன். ஒருவர் இன்னொருவர் நம்பரைக் கொடுத்தார். பையின்மேல் எதுவும் எழுதவில்லை. என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியுமே.

சுபா கை நிறைய வளையலோடு வந்தாள். வந்தவுடன் யுட்டிலிட்டி வாசலில் நின்று, "இதான் உன் தோட்டா ஃபாக்டரியா? சீல் வெச்சிட்டாங்களா?" என்றாள். அவளுக்கு எல்லாம் சிரிப்பு. டாக்டர் சொன்னபடி வந்த வாரமே அவளுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தோம். அம்மாவுக்குக் கொஞ்சம் இருந்தது. சுபாவுக்கு அனேகமாக இல்லை. டாக்டர் இருவருக்கும் கால்சியம், இரும்பு எழுதிக்கொடுத்தார். வயிறு காலியாக இருந்தால் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அதனால் நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றார்.

அம்மாவுக்கு வேறென்ன வேண்டும். தினம் ஒரு கீரை. மசியல், கூட்டு, பருப்புக் கீரை. மூன்று பேரும் தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டோம்.

அடுத்த பரிசோதனைக்கு மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"மறுபடி ஆரம்பிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏறியிருக்கு. உங்களுக்குக் கொஞ்சம். அம்மாவுக்கு நல்லாவே. அக்காவுக்கும் ஏறியிருக்கு."

"நான் தொடல."

"திட்றதுக்குக் கேக்கல. வழி தெரியணும், அவ்வளவுதான்."

நான் தொடவில்லை என்பதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என் அலமாரியைத் திறந்து, துணிகளுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் பார்த்தார்.

சுபா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, மிக மெதுவாக, "சொல்லிடு தாரு. திட்ட மாட்டேன். மாடியில எங்கயாவது வெச்சு ஓட்டினியா?" என்றாள்.

"இல்ல."

"உனக்கு அது இல்லாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதான் கேக்குறேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றுவதைப் பார்த்தேன். அவள் எழுந்து போன பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது. ஹெப்பகோடியிலிருந்து அவள் கணவர், எங்கள் மாமா, வந்து அவளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதாக ஏற்பாடானது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பெண் பிரசவத்துக்கு முன்னால் திரும்பிப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அம்மா அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை.

நான் சோதித்துப் பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவள். மூவருக்கும் ஏறியிருக்கிறது, வாரம் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போகும் மாமா கேட்டுக்கொண்டதால் அவருக்கும் பார்த்தோம், அவருக்கு இல்லை. தண்ணீரை லேபுக்குக் கொடுத்தேன். மஞ்சள்தூளைக் கொடுத்தேன். ரசச் சொம்பையும்கூடக் கொண்டுபோனேன். "என் சொம்ப மறுபடி சந்தேகப்படுறாளா?" என்று அம்மா சுவரிடம் சொன்னார். எதிலும் ஒன்றும் இல்லை. தரை மறுபடியும் சுத்தம். மாமா கீரை சாப்பிட மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் அது தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை சுபா மாடிக்குப் போனாள். கிளம்புவதற்குமுன் ஒருநாளைக்காவது தானே கீரை பறிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். முளைக்கீரையை வேரோடுதான் பிடுங்குவார்கள். நான் துணி எடுக்கப் போயிருந்தேன்.

"ஏய் தாரு. இங்க வா."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வேரில் ஒட்டிய மண்ணுக்கு நடுவே ஒரு சின்னப் பித்தளைக் கூடு.

"உன் சிப்பாய் இங்க முளைச்சிருக்கான் பாரு," என்று சிரித்தாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாலு பையும் இல்லை. அந்த இடம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

அம்மா கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டவுடனே சொன்னார். மறைக்கிற விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சுபா வர்றதுக்கு முன்னாடி மாடிய ஒழிச்சேன். ஒரு பையைக் கீழ கொண்டுபோய்க் குப்பை வண்டிக்காரம்மா கிட்ட குடுத்தேன். ஹசி கசவா ஒண கசவா, ஈரக் குப்பையா காஞ்ச குப்பையான்னு கேட்டாங்க. தொறந்து பாத்தா சோளத் தக்கை. மக்குறதுதானே. ஹசின்னேன். அவங்க பாத்துட்டு, இது மண்ணு மாதிரி இருக்கம்மா, தோட்டக்கே ஹாக்கி, தோட்டத்துக்கே போட்டுடுங்கன்னாங்க. சரின்னு நாலு பையையும் உரப்பானையில கொஞ்சம், கீரைத் தொட்டியில கொஞ்சம்னு கலந்துட்டேன்."

"அம்மா, அதுலதான் எல்லாமே இருக்கு."

"தூசிதான் ஆகாதுன்ன. நனைச்சா அடங்கிடும்னு நீதானேடி சொன்ன." கத்தியை வைத்தார். "நான் நனைச்சுத்தான் போட்டேன்."

நனைத்துத்தான் போட்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்த விதியை, நான் சொன்னபடியே, கையுறை இல்லாமல், முழங்கை வரை மண்ணில் விட்டுப் பிசைந்து போட்டிருந்தார். ஈரம் தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. ஈயத்தை அது ஒன்றும் செய்வதில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பையின்மேல் எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்கள் படிக்கிற மொழியில் எழுதுங்கள்.

அம்மா அழவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, கழுவி, மறுபடி சோப்புப் போட்டார். சுபா வாசலில் நின்றிருந்தாள்.

"போதும்மா. தோல் உரிஞ்சிடும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"பரவால்ல," என்றேன். உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லை என்பது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

டாக்டரிடம் போனில் சொன்னேன். "கீரையா," என்றார். பிறகு, "சரி, வழி தெரிஞ்சிடுச்சு. நிறுத்துங்க, இறங்கும்," என்றார். கர்ப்ப காலத்தில், அந்த அளவுக்கு மருந்து கொடுப்பதில்லை. கால்சியமும் இரும்பும் நேரத்துக்குச் சாப்பாடும்தான் சுபாவுக்கு. மீதியைப் பிரசவத்தன்று பார்க்கலாம் என்றார். தொப்புள்கொடி ரத்தத்தில் அளவு தெரியும்.

சுபா ஹெப்பகோடிக்குப் போனாள். அம்மா, மாப்பிள்ளை வீடு என்றெல்லாம் பார்க்காமல், பெட்டியோடு கூடவே போனார். நான் முகமூடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தொட்டியையும் நனைத்து, மண்ணையும் செடியையும் பைகளில் கட்டினேன். தக்காளி காய்த்திருந்தது. புதினா வாசனை கையுறையைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு பையின்மேலும் தமிழிலும் கன்னடத்திலும் 'ஈயம், விஷம், தொடாதீர்கள்' என்று தடித்த பேனாவால் எழுதினேன். எடுத்துப்போக வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதெல்லாம் கீரைத் தொட்டியில்லவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் சிப்பாயும் ஒரு பைக்குள் போனான். முடியாத செஸ் செட்டும் போனது.

காலிக் கூடு சுத்தம் செய்யும் ஆர்வம் உங்களுக்கும் இருக்கலாம். கேட்டால் சொல்வேன். மூடிய உருளையில், தண்ணீரும் எலுமிச்சை உப்பும் போட்டு, ஈரமாகவே துலக்குங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அந்தக் கறுப்புத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள், அபாயக் கழிவாகவே கொடுங்கள். வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் செய்வதில்லை.

குழந்தை பிறந்தாள். அழுதாள். பால் குடித்தாள். எங்கள் மூன்று பேரின் கண்ணும் லேபின் மேலேயே இருந்தது. மாமா மட்டும் குழந்தையைப் பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, யார் வந்தாலும் "கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனிப்புக் கொண்டுவந்தவர்களும் திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சுபாவின் படுக்கை அருகே நின்றார்.

"கம்மிதான். பயப்படுற அளவு இல்ல."

"இருக்கா இல்லையா டாக்டர்?" என்றாள் சுபா.

"இருக்கு. கொஞ்சம். சைபர்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வயசுல பாப்போம். பேச ஆரம்பிக்கிறப்ப பாப்போம். ஸ்கூல் போறப்ப பாப்போம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வளத்துங்க."

என்னைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். ரத்தத்தில் இருக்கும் ஈயம் சில மாதங்களில் குறையும். எனக்குக் குறைந்துவிட்டது. ஆனால் உடம்பு அதில் ஒரு பங்கைக் கால்சியம் என்று நினைத்து எலும்புக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே வருடக் கணக்கில் இருக்கும். எலும்பு கரையும் காலங்களில் மறுபடி ரத்தத்துக்கு வரும். வயதாகும்போது கரையும். ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதும் கரையும், ஏனென்றால் குழந்தையின் எலும்புக்கு அங்கிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். எனக்கு அப்படி ஒரு நாள் வருமா என்று தெரியாது. வந்தால் அன்றைக்கு என் யுட்டிலிட்டியின் அந்தக் காலை வெயில் உள்ளே இருந்து வெளியே வரும். அது முடிந்துபோன நாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே இன்றைக்கே வேண்டும். இப்போது என் உடம்பு என்னைவிட மெதுவான ஒரு கணக்கை வைத்திருக்கிறது. அவசரப்படுத்த முடியாது. வலது கையின் இரண்டு விரல்களில் இன்னும் சரியாக உணர்வு திரும்பவில்லை. கையுறை போட்டதுபோலவே இருக்கும். திரும்பலாம் என்கிறார்கள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது ஹெப்பகோடிக்குப் போனேன். முழங்கை வரை கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டிலில் வலது கையை வைத்தபடி சுபாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

"உன் விரல விட மாட்டேங்குறா பாருடி," என்றாள் சுபா.

குனிந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிந்தது, பிடித்திருக்கிறாள் என்று.